கூலிக்கு மெசின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 29. கையில் 8 இலட்சம் ரூபா இருக்கிறது. பாதுக்கை, ஹன்வெல்லைப் பக்கம் வயல் உழுது கொடுக்க ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வாங்கலாம், ஆனால் முதல் மெசினாக வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே பாருங்கள்.

60 சென்ரிமீற்றர் அகல ரொட்டவேற்றரோடு (சுழன்று மண்ணைக் கிளறும் கத்தித்தொகுதி) மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் போனால் தாளின்படி மணிக்கு 1,200 சதுர மீற்றர் உழலாம். வரப்பில் திரும்புவது, மூலையில் சிக்குவது, சேறு வழிப்பது எல்லாம் போக 900 தேறும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். ஆகவே ஓர் உழவுக்கு நாலரை மணித்தியாலம். வயலுக்கு ஓர் உழவு போதாது, இரண்டோ மூன்றோ வேண்டும்.

உழவுக்காலம் எவ்வளவு? பெரும்போகத்துக்கு மூன்று நான்கு கிழமை, சிறுபோகத்துக்கும் அவ்வளவே. மழை, பழுது, ஆள் வராத நாள் எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 200 மணித்தியாலம் ஓட்டினாலே நீங்கள் கெட்டிக்காரர். மெசினை 8 இலட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடத்தில் 3 இலட்சத்துக்கு விற்பதாக வைத்தால் வருடத் தேய்மானம் 1 இலட்சம், மணிக்கு 500 ரூபா. அதே மெசின் 60 மணித்தியாலம்தான் ஓடியது என்றால் மணிக்கு 1,667 ரூபா. டீசல், ஒயில், பெல்ட், ஓட்டுபவர் கூலி எல்லாம் இதற்கு மேலே. பக்கத்து ஊர்க்காரர் கேட்கும் கூலிதான் உங்களுக்கும் கிடைக்கும். மணித்தியாலம் குறைந்தால் நட்டம் உங்கள் தலையில்.

200 மணித்தியாலத்துக்கு வேலை வேண்டுமென்றால் இரண்டு போகத்திலும் சேர்த்து 15 முதல் 20 ஏக்கர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் முதலில், மெசின் பிறகு. பட்டியல் கிடைக்கும் இடம் கமக்காரர் அமைப்பு. போகம் தொடங்குமுன் கூடும் கூட்டத்துக்குப் போய் நில்லுங்கள். முதல் போகத்துக்கு மெசினை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் யார் நேரத்துக்குக் காசு தருவார், யார் இழுத்தடிப்பார் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் மேல் மாகாணத்துக்கே உரியது. தாழ்நில வயல் பலவற்றில் அடியில் கெட்டித்தரை கிடையாது. ஒரு தடியைக் கையால் அழுத்திப் பாருங்கள். முழங்காலுக்கு மேல் இலேசாக இறங்கினால் இரும்புச் சில்லுப் போட்டாலும் மெசின் புதையும், தூக்கியெடுக்க ஆறு பேர் வேண்டும். அப்படிப்பட்ட வயலைக் கூலி எவ்வளவு தந்தாலும் ஏற்காதீர்கள்.

கொழும்பில் பன்னிரண்டு மாதமும் கிடைக்கும் வேலை புல் வெட்டுவது. வெறுங்காணி வைத்திருப்பவர் நுளம்புப் பெருக்கத்துக்கு அபராதம் வரும் என்று பயப்படுகிறார், தென்னந்தோட்டக்காரர் தேங்காய் பொறுக்கப் புல் வெட்டுகிறார். தோளில் மாட்டும் புல்வெட்டும் மெசின் இரண்டு, 16 லீற்றர் மருந்தடிக்கும் தாங்கி இரண்டு, முகமூடி, பூட்ஸ். இவ்வளவோடு தொடங்குங்கள். இரண்டாவது மெசின் ஆடம்பரம் அல்ல. ஒன்று நின்றால் அன்றைய கூலியும், கூட்டிவந்த பையனின் கூலியும் போய்விடும்.

கூலியை நாளுக்குப் பேசாமல் பேர்ச்சுக்குப் பேசுங்கள். இடுப்பளவு புல்லை ஓர் ஆள் மணிக்கு 10 முதல் 15 பேர்ச் வெட்டலாம். ஆள் உயர இலுக்கு என்றால் அதில் பாதி. காணியை நடந்து பார்க்காமல் தொலைபேசியில் விலை சொன்னால் புல்லுக்குள் கிடக்கும் முட்கம்பியும் சோடாப் போத்தலும் உங்கள் கணக்கில் வரும். வெட்டியதை அள்ளி ஏற்றுவது வேறு வேலை, வேறு விலை. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புல்வெட்டும் மெசின் காலையில் நன்றாக எடுக்கிறது. இருபது நிமிடம் வெட்டியதும் தானாக நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி எடுக்கிறது. பிளக் மாற்றியும் பயனில்லை.
– வாசகர், வத்தளை

பதில்: பெரும்பாலும் பெற்றோல் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கும். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் ஏறாமல் நின்றுவிடும். நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று இழுத்து, மெசினும் உடனே எடுத்தால் குற்றவாளி மூடிதான். கழற்றிக் கழுவி ஊதினால் சரி.

மூடி நல்லது என்றால், நின்ற அந்தச் சூட்டிலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை, தாங்கிக்குள் கிடக்கும் வடியை (பில்டரை) பாருங்கள். கறுத்து நனைந்திருந்தால் காற்று வடி அழுக்கு, அல்லது சோக் திறக்கவில்லை. பிளக்கை பெற்றோல் தாங்கிக்கு எட்டத்தில் மெசின் உடம்பில் தொடவைத்துக் கயிற்றை இழுக்கும்போது பொறி வராமல், ஆறியபின் மட்டும் வந்தால் கொயில் சூட்டில் விட்டுக்கொடுக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கலவையையும் சொல்லிவிடலாம். இரண்டு ஸ்ட்ரோக் மெசினுக்கு நல்ல 2ரி ஒயில் என்றால் 50க்கு 1, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். மெசினோடு வந்த புத்தகம் 25க்கு 1 என்று சொன்னால் 200. சோடாப் போத்தல் மூடியால் அளக்கும் பழக்கம்தான் பிஸ்டனைக் கடிக்க வைக்கிறது. ஒயில் கூடினாலும் கேடு, சைலென்சர் வலையில் கரி பிடித்து மெசின் இழுவை குறையும். நாலு ஸ்ட்ரோக் மெசினில் பெற்றோலோடு எதையும் கலக்கக் கூடாது. கத்தி நட் கழலவில்லை என்று சுத்தியலால் அடிக்காதீர்கள், அது பெரும்பாலும் இடமரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

கேள்வி: பாவித்த லான்ட்மாஸ்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? ரொட்டவேற்றர் பெட்டி ஒயில் வெள்ளையாக மாறுகிறதே, ஏன்?
– வாசகர், கடுவலை

பதில்: சொல்லாமல் கொள்ளாமல் போய் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே எடுத்து வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிரில் எடுக்கும் மெசின்தான் மெசின். பிறகு ஒவ்வொரு சில்லையும் உயர்த்திப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், பெயரிங் ஆட்டம் அதில் தெரியும்.

ஒயில் பால்தேநீர் நிறமாவது நீர் புகுந்ததன் அடையாளம். கொழும்பு ஓரத்து வயல்களில் இதற்குக் காரணம் அநேகமாகப் பொலித்தீனும் நைலோன் கயிறும். கத்தித்தண்டில் சுற்றி, இறுகி, ஒயில் சீலுக்குள் நுழைந்து அறுத்துவிடும். சீல் மாற்றாமல் ஒயில் மட்டும் மாற்றினால் இரண்டு வயலுக்குள் பழையபடி. கழற்றிய சீலின் மேலே மூன்று எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அதைக் குறித்துக்கொண்டு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் மெசின் பெயரே சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வயல் முடிந்ததும் தண்டில் சுற்றியதைக் கத்தியால் வெட்டி எடுங்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு.

பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 15 முதல் 20 மில்லிமீற்றர் தாழ வேண்டும். ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும், பாரம் முழுக்கப் புதியதன் மேல் விழும். ரொட்டவேற்றர் கத்தியில் இடம், வலம் உண்டு. மாறிப் பூட்டினால் மெசின் ஒரு பக்கம் இழுத்து, வயலில் வரப்புப் போல மண் குவியும். புதுக்கத்தி பூட்டி இரண்டு மணித்தியாலம் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று. சமதரையில் கைப்பிடியில் உள்ள இடது பக்கத் திருப்புக் கிளச்சைப் பிடித்தால் மெசின் இடதுபுறம் திரும்பும். பின்னால் ட்ரெயிலர் பெட்டி கொழுவிப் பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது அதே கிளச்சைப் பிடித்தால் வலதுபுறம் திரும்பும். இடச்சில்லு விடுபட்டு முன்னே ஓடும், வலச்சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், அதுதான் காரணம். புதிதாக ஓட்டுபவர் கானுக்குள் விழுவது இதனால்தான். இறக்கம் தொடங்குமுன்பே சின்னக் கியருக்கு மாற்றுங்கள், கிளச்சைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள்.

கேள்வி: வயலில் களைமருந்து அடித்த தாங்கியைக் கழுவிவிட்டு ஒரு வீட்டுத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தோம். மிளகாயும் பப்பாசியும் சுருண்டுவிட்டன. நட்டஈடு கேட்கிறார்கள்.
– வாசகி, ஹோமாகமை

பதில்: கேட்பதில் நியாயம் இருக்கிறது. எம்சிபிஏ போன்ற, அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து குழாயிலும் வோஷரிலும் ஊறி நிற்கும், ஒருமுறை கழுவினால் போகாது. நெல்லுக்கு ஒன்றும் ஆகாத அளவே மிளகாயைச் சுருட்டப் போதும். களைமருந்துக்குத் தனித் தாங்கி, சிவப்பு நிறம் பூசி, வேறெதற்கும் தொடாமல் வையுங்கள். வேறு வழியில்லை.

அளவும் பிழைப்பதுண்டு. 10 மீற்றருக்கு 10 மீற்றர் அளந்து, வெறுந்தண்ணீரை வழக்கமான நடையில் அடியுங்கள். 2 லீற்றர் போனால் ஏக்கருக்கு 80 லீற்றர், 16 லீற்றர் தாங்கி ஐந்து. போத்தலில் ஏக்கருக்கு என்று போட்ட மருந்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு தாங்கிக்கும் விடுங்கள். நடை மாறும் ஆள் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: பதிவு, லைசன்ஸ் எல்லாம் வேண்டுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தனிநபர் வியாபாரப் பெயர்ப் பதிவைத் தொழில் நடக்கும் இடத்துப் பிரதேச செயலகத்தில் செய்யலாம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். கம்பனிகளும் பாடசாலைகளும் புல்வெட்ட அழைக்கும்போது இந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும். லான்ட்மாஸ்டரை வீதியில் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி1 வகுப்பு இருக்க வேண்டும்.

கேள்வி: வயல் வேலைக்கு வரும் பையன்களுக்கு எலிக்காய்ச்சல் பயம்.
– வாசகர், அவிசாவளை

பதில்: பயம் நியாயமானது. உழவு தொடங்குமுன் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போனால் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் இலவசமாகக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை கிழமைக்கு என்பதை அவர்களே சொல்வார்கள். காலில் புண் உள்ளவரை அன்று சேற்றில் இறக்காதீர்கள், வரப்பு வெட்ட விடுங்கள். வேலை முடிந்து சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள்.