எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு தன்னையே தாக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது, எங்களுக்கு முக்கூடல் பக்கம். அடிக்கடி நிமோனியா வந்து, மூன்று வருஷத்துக்கு முன் ‘சி.வி.ஐ.டி.’, பிறவியிலேயே எதிர்ப்பு சக்திக் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம், நிமோனியா நின்றுவிட்டது. ஆனால் இப்போது ரத்தத் தட்டணு 22,000, மண்ணீரல் வீக்கம், ஐந்து மாதமாக வயிற்றுப்போக்கு, ஸ்கேனில் நுரையீரலில் சிறு கட்டிகள். ஒரு டாக்டர் டிபி மருந்து தொடங்கலாம் என்கிறார், இன்னொருவர் ஸ்டீராய்டு என்கிறார். எதிர்ப்பு சக்தியே இல்லாதவனுக்கு அதைக் குறைக்கிற மருந்தா? எங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியவர், அதனாலா? ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளிக்கலாமா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த 22,000. ரத்தம் உறைய உதவும் தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. தம்பியின் கணுக்காலுக்கு மேலே, சாக்ஸ் ரப்பர் அழுத்துகிற இடத்தில், கடுகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தினால் சாதாரணத் தடிப்பின் சிவப்பு மறையும், இது மறையாது, ஏனென்றால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், கறுத்த மலம், திடீரென்று கடுமையான தலைவலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் புரூஃபென், ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்காதீர்கள். சதையில் ஊசியும் வேண்டாம்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். ‘சக்தி குறைவு’ என்ற பெயர்தான் எல்லாரையும் குழப்புகிறது, டாக்டர்களையும் சேர்த்து. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் இழுக்கிற கூட்டம்தான் கண்ணில் படும், ஆனால் சக்கரத்தோடு ஒட்டி நின்று முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாவிட்டால் தேர் கடைத் திண்ணையில் போய் ஏறிவிடும். சி.வி.ஐ.டி.யில் வடம் பிடிக்க ஆள் குறைவு என்பது பாதிக் கதைதான், பலருக்குக் கட்டை போடுகிறவர்களும் வரவில்லை. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி போதவில்லை, அதே சமயம் இருக்கிற வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கிற ஏற்பாடும் பழுது. அவை தட்டணுவை அழிக்கின்றன, குடலைப் புண்ணாக்குகின்றன, நுரையீரலிலும் மண்ணீரலிலும் கும்பலாகக் கூடி ‘கிரானுலோமா’ என்ற சிறு முடிச்சுகளாகத் தங்கிவிடுகின்றன. உங்கள் தம்பிக்கு வந்த நாலும் நாலு வியாதி என்பதைவிட, ஒரே கோளாறின் நாலு முகம் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மாதாமாதம் ஏற்றுவது இதை ஏன் தடுக்கவில்லை? அது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடி, உடம்பில் ஏறிய அளவு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. கிருமிக்குக் காவல், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, நிமோனியா இல்லை என்று நிம்மதியாக இருக்கும் வருஷங்களில்தான் இந்த அழற்சி சத்தமில்லாமல் வளரும். மாதம் ஊசி ஏற்றப் போகிற இடத்தில் தட்டணுவும் ஈரல் டெஸ்ட்டும் அவ்வப்போது பார்த்தார்களா, வருஷத்துக்கு ஒருமுறை மூச்சுத் திறன் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் பாட்டிலை ஏற்றி அனுப்புவதோடு சரி.

டிபியா, ஸ்டீராய்டா? நம் ஊரில் நுரையீரலில் முடிச்சு என்றால் வாயில் முதலில் வருவது டிபி, அதில் தப்பில்லை, அது நிஜமாகவே அதிகம். ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், இதே மாதிரி ஒருவருக்கு நானே 6 மாதம் முழுசாக டிபி மருந்து கொடுத்தேன், கட்டி இம்மியும் கரையவில்லை, அவருடைய இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுபக்கம், உள்ளே நிஜமான டிபி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது பற்றி எரியும். ஆகவே குழாய் விட்டு நுரையீரலிலிருந்து நீர் எடுத்து, சிபிநாட் (டிபி கிருமியின் ஜீனைத் தேடும் டெஸ்ட்), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), முடிந்தால் சதையும் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு. சதை எடுக்கத் தட்டணு 50,000-ஆவது வேண்டும். அதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது: மாதாமாதம் ஏற்றும் இம்யூனோகுளோபுலினின் வழக்கமான டோஸ் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், அதே மருந்தைக் கிலோவுக்கு 1 கிராம் வீதம் ஏற்றினால் பலருக்குச் சில நாளில் தட்டணு ஏறும். அந்த இடைவெளியில் டெஸ்ட்டை முடித்துவிடலாம், ஸ்டீராய்டுக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ரத்த டெஸ்ட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. தம்பி உடம்பு ஆன்டிபாடி சரியாகச் செய்வதில்லை, ஓடுவது தானம் செய்தவர்களுடையது. அதனால் வைடால், எலைசா மாதிரி ஆன்டிபாடியை அளக்கும் டெஸ்ட்டில் ‘இல்லை’ என்று வந்தால் நம்ப முடியாது, சிலதில் ‘உண்டு’ என்று வந்தாலும் அது பிளாஸ்மா கொடுத்தவர் கதையாக இருக்கலாம். கிருமியையே தேடும் பிசிஆர், கல்ச்சர்தான் இவருக்குச் சரி. வயிற்றுப்போக்குக்கும் அப்படித்தான், முதலில் மலத்தில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கணும், அது இல்லையென்றால் எண்டோஸ்கோப்பி.

டிபி இல்லை, லிம்போமாவும் இல்லை என்று உறுதியானால் (இவர்களுக்கு அந்த நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல், அதற்கும் சதைப் பரிசோதனைதான்) ஸ்டீராய்டு கொடுப்பது சரியே. கட்டுக்கடங்காமல் ஓடுகிற அந்தக் கூட்டத்தைத்தான் அது அடக்கும். இம்யூனோகுளோபுலினை மட்டும் நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் வேண்டியிருந்தால் ஸ்டீராய்டைக் குறைத்து ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளுக்கு மாற்றுவார்கள். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள், அது போனால் கிருமித் தொற்று இன்னும் மோசமாகும். ‘சக்தி கூட்டும்’ பொடி, லேகியம் எதுவும் வேண்டாம்.

தாய்மாமன் கல்யாணம் பற்றி. காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது, பலருக்கு ஜீனில் எதுவும் அகப்படுவதில்லை. ஆனாலும் ஜீன் டெஸ்ட் செய்யுங்கள். 2012-இல் எல்.ஆர்.பி.ஏ. என்றொரு ஜீன் கோளாறு தெரியவந்தது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வரும், சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். அது பழுதானால் சி.டி.எல்.ஏ.4 என்ற முட்டுக்கட்டை நிற்காது. அப்படி இருந்தால் அந்தக் கட்டையையே மருந்தாகக் கொடுக்கலாம், அபாடாசெப்ட் என்று பெயர். உங்கள் அம்மாவிடம் இதைக் குற்றமாகப் பேசிவிடாதீர்கள்.

பாபநாசம்: இந்த ஆடிக்கு வேண்டாம். பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தால் 22,000 தட்டணு தாங்காது, ஆற்றுத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் வயிறும் தாங்காது. தர்ப்பணம் கொடுப்பதென்றால் படியோரம் உட்கார்ந்து கொடுக்கட்டும், நீங்கள் சொம்பில் மொண்டு கொடுங்கள், குடிக்க வீட்டிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்துப் போங்கள்.