வினிகர் வேண்டாம், ஊசி போதும்

கேள்வி: என்னிடம் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு இருக்கிறது. அதில் நடுவில் துளையுள்ள சின்னச் சின்ன வட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கடல் அல்லியின் தண்டு என்கிறார்கள். வினிகரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் பூ முழுசாக வெளியே வருமா?

பதில்: வினிகரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வட்டும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், சுற்றியுள்ள கல்லும் பெரும்பாலும் கால்சைட். அமிலம் இரண்டையும் சேர்த்தே கரைக்கும். வட்டின் முகத்தில் கதிர்போல ஓடும் மெல்லிய வரிகள்தான் முதலில் போகும். ஒரு வட்டு அடுத்ததோடு பூட்டிக்கொண்டு நின்றது அவற்றால்தான். அவை போய்விட்டால் இனத்தை அடையாளம் காண்பது கடினம்.

பூபோல இருந்தாலும் கடல் அல்லி ஒரு விலங்கு, நட்சத்திர மீனுக்கு உறவு. எண்ணற்ற கால்சைட் துண்டுகளைத் தசைநார்கள் பிடித்து வைத்திருக்கும். உயிர் போனதும் சில நாட்களிலேயே அவை அழுகி, உடல் உதிர்ந்துவிடும். உங்கள் கல்லில் வட்டுகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால், அதற்குள் முழு உடல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

முழு உடல் கிடைக்க, உதிர்வதற்கு முன்பே வண்டல் மூட வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கிராஃபோர்ட்ஸ்வில் அருகே அப்படித்தான் நடந்தது. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்மண் சட்டென்று வந்து மூடியதால், கைகளும் தண்டும் அப்படியே இருக்கின்றன. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில் கதை வேறு. அங்கே ஜுராசிக் காலத்தில், மிதக்கும் மரக்கட்டைகளில் ஒட்டி வாழ்ந்த கடல் அல்லிகள் கட்டையோடு சேர்ந்து மூழ்கின. ஆக்சிஜன் அற்றுப்போன அடிச்சேற்றில் அவற்றைக் கலைக்க எந்த உயிரும் வரவில்லை. அந்தக் கற்பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? ஆய்வகத்தில் காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால் பாறையைக் குறைத்து, கடைசி அடுக்கை நுண்தூள் பீச்சி எடுப்போம். சமையல் சோடாத் தூள் கால்சைட்டைவிட மென்மையானது. டோலமைட் என்ற கனிமத்தின் தூள் கால்சைட்டைவிடச் சற்றுக் கடினமானது, அவசரப்பட்டால் வரிகளைத் தேய்த்துவிடும். மென்மையான களிப்பாறை என்றால் வேலை சுலபம். உங்கள் கல்லைப்போலப் பாறையும் கால்சைட்டாக இருந்தால் இந்தத் தூள்களால் பெரிய பயன் இல்லை, ஊசியைத்தான் நம்புவேன். நீங்கள் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, லென்ஸின் கீழே ஊசியால் மெதுவாக நெருடுங்கள். பாறை வட்டைவிட்டு விலகாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே உடைந்த வட்டு இருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், தட்டையாக மின்னும். ஒவ்வொரு வட்டும் ஒரே படிகம் என்பதால் அப்படி. அப்புறம், கல் எந்த இடத்தில் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.