விமானம் ஓட்டப் பழகுவது எப்படி? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சீனன்குடாப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் புதிதல்ல. விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் "நானும் இதை ஓட்டப் பழகலாமா?" என்று கேட்டால் வடிவாக விளக்கிச் சொல்ல ஊரில் ஆள் குறைவு. நான் திருகோணமலைக்காரன், கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் விமானப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். ஊரிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். எல்லாமே பி.பி.எல் எனப்படும் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பற்றியவை. சம்பளம் வாங்காமல், சொந்தத் தேவைக்கும் விருப்பத்துக்கும் சிறிய விமானம் ஓட்ட அனுமதிக்கும் பத்திரம் அது.

உப்புவெளி, ஏ.எல் மாணவி: சேர், எத்தனை வயதில் எடுக்கலாம்? கணிதப் பிரிவில்தான் படிக்க வேண்டுமா? பெண் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

அனுமதிப்பத்திரம் கையில் கிடைக்க 17 வயது ஆகியிருக்க வேண்டும், தங்கச்சி. பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம். ஏ.எல்லில் எந்தப் பிரிவு என்பது தடையல்ல. ஓ.எல் அளவில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் நன்றாக இருந்தால் பாடங்கள் விளங்கும். காற்றின் வேகத்தையும் திசையையும் வைத்து விமானத்தின் போக்கைக் கணக்குப் பார்ப்பதுதான் அதிகபட்சக் கணிதம். கலைப்பிரிவுப் பிள்ளைகளும் அதை அழகாகச் செய்கிறார்கள்.

பெண் என்பதால் எந்த விதியும் மாறாது. இலங்கை விமானப்படையே 2020இல் தன் முதல் பெண் விமானிகளை அதிகாரிகளாக்கியது. அந்தப் படையின் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி இருப்பது உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சீனன்குடாவில்தான்.

பாலையூற்று, ஒரு தந்தை: மகன் கண்ணாடி போடுகிறவன். ஒரு பயிற்சி நிலையத்தில் முழுக் காசையும் முதலில் கட்டினால் கழிவு தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள், ஐயா. முதலில் மெடிக்கல், அப்புறம் காசு. இந்த ஒழுங்கை யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

பி.பி.எல்லுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எந்த மருத்துவரும் இதைக் கொடுக்க முடியாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். கண்ணாடி ஒரு தடையே அல்ல. கண்ணாடியோடு பார்த்து ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/12 அளவாவது, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/9 அளவாவது இருந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு சோடிக் கண்ணாடியும் கைவசம் இருக்க வேண்டும்.

நான் கவலைப்படுவது நிறப் பார்வையைப் பற்றி. சிவப்பு, பச்சை பிரித்தறியாத குறை ஆண்களிடம் கணிசமாக உண்டு. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்குள் இலக்கம் தெரிகிற இஷிஹாரா அட்டைச் சோதனையைத் திருகோணமலையிலேயே ஒரு கண் மருத்துவரிடம் செய்து பார்க்கலாம், சில நிமிட வேலை. அதில் சந்தேகம் வந்தால் அதிகார சபையின் மருத்துவப் பிரிவோடு கதைத்துத் தெளிவு பெற்ற பிறகே மேலே போங்கள். மகனுக்கு வேலையாக விமானம் ஓட்டும் எண்ணம் இருந்தால், பி.பி.எல்லுக்குத் தேவையில்லாவிட்டாலும், தொடக்கத்திலேயே முதலாம் வகுப்பு மெடிக்கலைச் செய்துவிடுங்கள். இலட்சங்கள் செலவழித்த பிறகு அதில் தட்டுப்படும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

மூதூர், 46 வயது வியாபாரி: எனக்குச் சீனி வருத்தம், குளிசை போடுகிறேன். வாய்ப்பு உண்டா?

உண்டு. இன்சுலின் ஊசி போடுகிறவர்களைச் சர்வதேச விதி தகுதியற்றவர்களாகவே கொள்கிறது. உணவுக் கட்டுப்பாட்டாலோ பறப்பதற்கு ஒத்துவரும் குளிசையாலோ சீனி கட்டுக்குள் இருந்தால் பரிசீலிப்பார்கள். மறைக்காமல் எல்லா அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். 40 வயதுக்கு மேல் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கிண்ணியா, பொறியியல் பட்டதாரி: 40 மணித்தியாலம் பறந்தால் போதும் என்கிறார்கள். அதற்குள் என்னதான் படிப்பிப்பீர்கள்?

40 என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அங்கீகரிக்கப்பட்ட முழுமையான பாடத்திட்டம் என்றால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அந்தத் தனிப் பறப்பில் 5 மணித்தியாலம் ஊர்விட்டு ஊர் போகும் பயணமாக இருக்க வேண்டும்; ஒரு பயணமாவது 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று வந்ததாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் நேராக, மட்டமாகப் பறப்பதும் திரும்புவதும் ஏறி இறங்குவதும்தான். அடுத்தது 'ஸ்டோல்': மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இறக்கை காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும். பாதுகாப்பான உயரத்தில் அதை வேண்டுமென்றே வரவழைத்து, மூக்கைத் தாழ்த்தி மீளப் பழக்குவோம். பிறகு ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதும் இறங்குவதும். மாணவர் நொந்துபோவது இங்கேதான். இறங்கும்போது கண் விமானத்தின் மூக்கடியில் உள்ள தரையைப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் உயரம் பிடிபடாது. பார்வை ஓடுபாதையின் மறு அந்தத்துக்குப் போனதும் கை தானாகச் சரியாகும். சிலருக்கு இது ஒரே நாளில் வரும், சிலருக்கு வாரக்கணக்காகும், இரண்டு பேரும் நல்ல விமானிகளாகவே முடிப்பார்கள். அது பிடிபட்ட பிறகுதான் ஒரு நாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிட்டு, "நீங்கள் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள்" என்பார்.

விமானச் சட்டம், வானிலை, வழிகாண்டல், விமானத்தின் பொதுஅறிவு, பறப்பின் தத்துவம், மனித ஆற்றல், வானொலித் தொடர்பு முதலிய பாடங்களில் எழுத்துப் பரீட்சையும் உண்டு. அவற்றை ஊரிலிருந்தே படித்து முடித்துவிட்டு வாருங்கள். விமானத்துக்குள் இருந்து பாடம் கேட்பது விலை கூடிய ரியூஷன்.

அன்புவழிபுரம், வங்கி ஊழியர்: மொத்தம் எவ்வளவு முடியும்? நேரடியாகச் சொல்லுங்கள்.

ஒரே தொகையாக யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள், தம்பி. கணக்கு மணித்தியால விலையில்தான் ஓடுகிறது. விமானம், அதன் உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, பாதியில் நின்றவர்கள் மீதி மணித்தியாலங்களுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலையைப் பார்த்தார்கள்.

ஆகவே இவற்றைக் கேளுங்கள். மணித்தியால விலையில் எரிபொருளும் பயிற்றுநர் கட்டணமும் அடக்கமா? நேரத்தை என்ஜின் தொடங்கியதிலிருந்து கணக்கிடுகிறார்களா, மேலெழுந்ததிலிருந்தா? இறங்கு கட்டணம், பரீட்சைக் கட்டணம், இறுதிச் சோதனைக்கான விமான வாடகை யார் தலையில்? எத்தனை விமானம் இன்றைக்குப் பறக்கும் நிலையில் நிற்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரே ஒரு விமானத்தை நம்பி நிறைய மாணவரைச் சேர்த்த இடத்தில் நீங்கள் பறப்பதை விடக் காத்திருப்பதே அதிகம்.

40க்குள் முடிப்பவர் குறைவு; 50, 60 வரை போவது வழமை. காரணம் திறமைக் குறைவல்ல, இடைவெளி. மாதத்துக்கு ஒரு தடவை வந்து பறப்பவர் ஒவ்வொரு தடவையும் போன மாதம் விட்ட இடத்தைத் தேடுவதற்கே பாதி நேரத்தைச் செலவழிக்கிறார். காசு முழுவதும் சேரும்வரை பொறுத்திருந்து, வாரத்துக்கு மூன்று நாளாவது விடாமல் பறந்து முடிப்பதுதான் மலிவு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் விடுமுறைக்கு விடுமுறை வந்து பறப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. தங்குமிடச் செலவையும் மறக்க வேண்டாம், இரத்மலானை, கல்கிசைப் பக்கம் அறை வாடகை குறைவில்லை.

மாதத்தையும் பார்த்து வாருங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் மழைக்காலம். மேற்குக் கரையில் மே தொடங்கித் தென்மேற்குப் பருவம் நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே காலை வானம் பெரும்பாலும் தெளிவு. மார்ச் கடைசி, ஏப்ரலில் பின்னேர இடி வந்துவிடும் என்பதால் காலையிலேயே பறந்து முடித்துவிடுவோம்.

நிலாவெளி, மீன்பிடிக் குடும்பத்து இளைஞர்: ஆங்கிலம் எனக்குத் தடுமாறும். அது பெரிய தடையா அண்ணா?

தடைதான், ஆனால் தாண்டக்கூடியது. வானொலியில் ஆங்கிலம் கதைக்க வேண்டியிருப்பதால் சர்வதேச அளவுகோலில் நாலாம் நிலை கேட்பார்கள், அதை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இலக்கண அழகு தேவையில்லை. கேட்டது விளங்கி, விளங்கியதைச் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தையும் ஓடுபாதை இலக்கத்தையும் வீட்டில் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள்.

உங்களிடம் ஒரு பலமும் இருக்கிறது. வாடை எந்த மாதம் தொடங்கும், கச்சான் காற்று எத்தனை மணிக்கு உரக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீனன்குடா ஓடுபாதையின் இலக்கம் 06, மறு அந்தத்தில் 24. அதாவது 60 பாகை, 240 பாகை. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு ஒரு முகம், தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மறு முகம். இரத்மலானையும் கட்டுநாயக்கவும் 04, 22. இந்தத் தீவின் ஓடுபாதைகளைப் பருவக்காற்றுக்கு முகம் கொடுத்தே போட்டிருக்கிறார்கள், விமானம் எதிர்காற்றில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால்.

தம்பலகாமம், விவசாயி: மகள் பழகப் போகிறாள். மேலே என்ஜின் நின்றுபோனால்?

விமானம் கல்லுப் போல் விழாது, ஐயா. செஸ்னா 152 என்ற இரண்டு ஆசனப் பயிற்சி விமானம் என்ஜின் இல்லாமல் ஒரு கிலோமீற்றர் இறங்குவதற்குள் ஒன்பது கிலோமீற்றரளவு முன்னே மிதந்து போகும். 3,000 அடியில் நின்றால் எட்டுக் கிலோமீற்றர் கைவசம் இருக்கிறது. 60 நொட் (மணிக்கு ஏறக்குறைய 111 கிலோமீற்றர்) வேகத்தைப் பிடித்துக்கொண்டு, இடம் தெரிந்து, காற்றுக்கு எதிராக இறங்கப் பழக்குகிறோம். மகள் உங்களிடம் கேட்டுப் படிக்க வேண்டிய பாடமும் இதில் உண்டு: மேலிருந்து பார்த்து எந்த வயல் அறுவடை முடிந்து காய்ந்தது, எது தண்ணீர் நிற்கிற வயல், வரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. வரம்பைக் குறுக்கே வெட்டாமல் அதன் வழியே இறங்க வேண்டும்.

நிற்க விடாமல் பார்ப்பதுதான் பெரிய பகுதி. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இறக்கைக்கு அடியில் உள்ள வால்வைத் திறந்து எரிபொருளில் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடிப்போம். அவ்காஸ் எனப்படும் அந்தப் பெற்றோல் மெல்லிய நீல நிறம். இரவில் தொட்டிக்குள் வேர்த்து இறங்கிய தண்ணீர் அடியில் நிறமில்லாத முத்தாக உருளும். ஆபத்து எதுவென்றால், கோப்பை முழுவதுமே தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது, பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். அதனால் கோப்பையை வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மணந்தும் பார்க்க வேண்டும். மற்றது, எரிபொருளைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் ஐஸ். நம்மூர் வெக்கையில் ஐஸா என்று மாணவர் எல்லோரும் கேட்பார்கள். எரிபொருள் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக்காற்று மிகுந்த தீவில், வலுக் குறைத்து இறங்கும் நேரத்தில் அது பிடிக்கும். ஆகவே இறங்கத் தொடங்குமுன் சூடேற்றும் பிடியை இழுத்துவிடுவது பழக்கமாக வேண்டும்.

கந்தளாய், ஒருவர்: நான் 98 கிலோ. பரவாயில்லையா?

செஸ்னா 152இன் உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானம் 520 கிலோ அளவில் வரும், விமானத்துக்கு விமானம் மாறும். தொட்டி நிரம்பினால் எரிபொருள் 70 கிலோ. மிச்சம் இரண்டு பேருக்கு 165 கிலோ அளவு. 98 கிலோ மாணவருக்கு 67 கிலோப் பயிற்றுநர்தான் பொருந்துவார், அல்லது எரிபொருளைக் குறைக்க வேண்டும். நான்கு ஆசன செஸ்னா 172 இருக்கும் இடத்தைத் தேடுங்கள், மணித்தியால விலை கூடும்.

சாம்பல்தீவு, மாணவர்: சீனன்குடாவிலேயே ஏன் பழக முடியாது?

அது விமானப்படைத் தளம். அங்கே பயிற்சி கெடற் அதிகாரிகளுக்கு. காசு கட்ட வேண்டாம், ஆனால் படைச் சேவை செய்ய வேண்டும். அது வேறு வழி, வேறு வாழ்க்கை. பொதுமக்களுக்கான பள்ளிகள் பெரும்பாலும் இரத்மலானைப் பக்கம்தான்.

திருகோணமலை நகரம், ஒரு தாய்: பி.பி.எல் எடுத்தால் விமானக் கம்பனியில் வேலை கிடைக்குமா?

கிடைக்காது, அம்மா. சம்பளத்துக்கு ஓட்ட வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும்: 18 வயது, முதலாம் வகுப்பு மெடிக்கல், 200 மணித்தியாலம், அங்கீகரித்த பாடத்திட்டத்தில் 150. பி.பி.எல் அதன் முதற்படி.

உவர்மலை, பி.பி.எல் முடிக்கப்போகும் மாணவர்: எடுத்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வரலாமா?

வரலாம். இரத்மலானையிலிருந்து சீனன்குடா நேர்கோட்டில் ஏறக்குறைய 237 கிலோமீற்றர், சிறிய விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். வழி தேடுவதும் சுலபம்: குருநாகல், தம்புள்ளை, கந்தளாய்க் குளம் எல்லாம் அந்தக் கோட்டிலோ பக்கத்திலோதான். கொழும்பு பஸ் ஓடும் ஏ6 வீதியைக் கீழே பார்த்துக்கொண்டே வரலாம். சீனன்குடாவில் இறங்க விமானப்படையின் முன்அனுமதி வேண்டும், அதைப் பயிற்சி நிலையம் ஊடாகப் பல நாள் முன்னரே கேளுங்கள். பயணி ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளுக்குள் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும். அதைவிட, அம்மாவுடன் வருமுன் இதே வழியை ஒரு தடவை பயிற்றுநரோடு பறந்து பாருங்கள். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், தம்புள்ளைக்கு மேலே முகில் அடைத்திருந்தால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். அம்மாவைப் பின்னேர பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகலாம்.