ஹைபனில் நிறுத்தணுமா?

கேள்வி: என் மகன் இந்த வருடம் எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி செய்யும்போது 'ஓல்ட்-ஃபேஷன்ட்', 'ஷார்ட்-ஸ்லீவ்ட்' மாதிரி கூட்டுப் பெயரடைகளில் தடுமாறுகிறான். எத்தனை அசை, எங்கே அழுத்தம்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: ஹைபன் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. அங்கே நிறுத்த வேண்டாம். இரு சொற்களின் அசைகளையும் கூட்டினால் போதும். 'ஷார்ட்' ஒன்று, 'ஸ்லீவ்ட்' ஒன்று, ஆக 2. ஆனால் நம் பிள்ளைகள் 'ஷார்ட்டு ஸ்லீவ்டு' என்று அதை 4 ஆக்கிவிடுவார்கள். வல்லின மெய்யில் சொல்லை முடித்துப் பழகாத நாக்கு நமக்கு. எங்கே போனாலும் குற்றியலுகரம் கூடவே வரும்.

யாப்பின் நேர், நிரையை இதில் கலக்காதீர்கள். 'மலர்' அங்கே ஒரே நிரையசை; ஆங்கிலக் கணக்கில் ம-லர், இரண்டு. உயிரொலியைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்து, கடைசியில் ஒட்டும் 'இ.டி.' எழுத்துகள். மூலச்சொல் 'ஹார்ட்', 'ஹேண்ட்' போல ட் ஒலியில் முடிந்தால் தனி அசை உண்டு: கைண்ட்-ஹார்-டிட், லெஃப்ட்-ஹேண்-டிட். மற்றவற்றில் பெரும்பாலும் கரைந்துவிடும். 'ஃபேஷன்' இரண்டு அசை, 'ஃபேஷன்ட்' என்றாலும் இரண்டுதான். 'ஒன்-லெக்ட்' மட்டும் கொஞ்சம் வம்பு. 'லெகிட்' என்றும் சொல்வார்கள், அகராதியில் இரண்டும் உண்டு.

அழுத்தம் இடம் மாறும். 'இந்தக் காப்பிக்கடை ஓல்ட்-ஃபேஷன்ட்' என்று முடித்தால் கனம் 'ஃபே'யில். 'ஓல்ட்-ஃபேஷன்ட் காப்பிக்கடை' என்று பெயருக்கு முன்னால் வைத்தால் 'ஓல்ட்' மேலே வரும். 'டியூட்டி-ஃப்ரீ'யும் இப்படித்தான்: விலை டியூட்டி-ஃப்ரீ என்றால் 'ஃப்ரீ', டியூட்டி-ஃப்ரீ கடை என்றால் 'டியூ'. 'ஹோம்சிக்', 'வாட்டர்ப்ரூஃப்' போன்றவற்றில் எப்போதும் முதல் அசையே.

எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வது மலேசிய ஆங்கிலத்தின் வழக்கம். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) அதனால் யாருக்கும் புரியாமல் போகாது. அதனால் என்னைக் கேட்டால், முதலில் அந்த உகரத்தை விரட்டுங்கள். அதற்கு ஒரு வழி உண்டு: உயிரில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்துப் பழகச் சொல்லுங்கள். 'ஸ்லீவ்ட்' கூட 'ஆண்ட்' சேர்த்தால் 'ஸ்லீவ்-டாண்ட்'. உயிர் வந்தால் உகரம் ஓடும் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பானே, அதேதான். சில நாள் கழித்து 'ஆண்ட்'டை மனசுக்குள் மட்டும் சொல்லட்டும்.