காரீயத்தை உருக்குவது யார்?

அன்புள்ள ஐயா,

மின்னணுப் பொருள்களில் நச்சு உலோகங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதியது மிகையாகப் பட்டது. கார் பேட்டரியின் காரீயம் கிட்டத்தட்ட முழுவதும் மறுசுழற்சிக்குப் போகிறதே, அப்புறம் தடை எதற்கு? விலைதானே ஏறும்? இன்னொன்று, என் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். சில நாட்களாக என் மனதிலும் இதுதான் ஓடுகிறது. விலை ஏறினால் ஏறட்டும், அதை விடுங்கள். ஆனால் ‘கிட்டத்தட்ட முழுவதும்’ என்று எழுதிவிட்டு, எங்கே, யார் கையால் என்று ஒரு வரிகூடக் கேட்காமல் போனீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது.

செனகலின் டக்கார் நகரை ஒட்டி தியாரோய்-சுர்-மெர் என்றொரு இடம். பழைய பேட்டரிகளை உடைத்து உடைத்து அங்கே மண்ணிலேயே காரீயம் கலந்துவிட்டது. அந்த மண்ணுக்கும் விலை கிடைக்கிறது என்றதும் மக்கள் அதை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதுவும் மறுசுழற்சிதான் ஐயா! சின்ன வயதில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒரு அண்ணன் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தகடுகளை வெறுங்கையால் தட்டி உதிர்ப்பார். மதியம் அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மகளுக்குச் சோறு ஊட்டுவார். பாசமான மனிதர். அந்தத் தூசி என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

மறுசுழற்சி நல்லபடியாக நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டறையும் ஒழுங்காக இருக்க வேண்டும். தடைக்கு, பொருளைச் செய்யும் ஆலை ஒழுங்காக இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயம், பாதரசம், காட்மியத்தையெல்லாம் கட்டுப்படுத்தியது. பாகங்களைப் பலகையில் பற்றவைக்க, 183 டிகிரியில் உருகும் காரீய சால்டரை (பற்றாசு) விட்டு, 217 டிகிரி வாக்கில் உருகும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு ஆலைகள் மாறின. கஷ்டம்தான், ஆனாலும் மாறினார்களே! டெல்லி சீலம்பூரில் பழைய மின்னணுச் சர்க்யூட் போர்டுகளைச் சூடுகாட்டிப் பிரிக்கும் பையனை எந்த அதிகாரியும் தேடிப் போகப்போவதில்லை. அவன் மூச்சில் போகும் காரீயத்தைக் குறைக்க முடிந்தது இந்த மாதிரித் தடையால்தான்.

கார் பேட்டரியை அந்தச் சட்டமே தொடவில்லை, சரி. அங்கே மறுசுழற்சிதான் வழி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லாவற்றுக்கும் அதையே பதிலாக நீட்டாதீர்கள்.

உங்கள் பேட்டரியைத் தள்ளுவண்டிக்காரர் கூடுதலாகக் காசு தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். நம் நாட்டின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்ப எடுக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் அனுப்புகிறார்களா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை நகராதீர்கள்.