மலைக்கு ஒரு நாள், திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு நாள்

கேள்வி: மகனைப் பார்க்க சிட்னி வந்திருக்கிறோம். புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதி, ஒயினுக்குப் பேர்போன ஹன்டர் வேலி இரண்டுக்கும் வழிகாட்டியுடன் போய்வர ஆசை. இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக ஒருவர் சொல்கிறார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. மனைவி மதுவைத் தொடமாட்டார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: ஒரே நாளில் இரண்டும் வேண்டவே வேண்டாம். புளூ மவுண்டன்ஸில் இருக்கும் கட்டூம்பா, சிட்னிக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். ஹன்டர் வேலியின் பொக்கோல்பின் வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்தால் ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது தண்டனை.

உங்களிடம் இரண்டு நாள் இருந்து, ஒன்றுக்குத்தான் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க முடியும் என்றால், அதை ஹன்டருக்குக் கொடுங்கள். காரணம் எளிது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கே ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்குப் பூஜ்யம். மகன் ஓட்டினால் அவர் எதையும் நிம்மதியாகச் சுவைக்க முடியாது. கட்டூம்பாவுக்கோ, சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. சுமார் இரண்டு மணி நேரம், சிட்னியில் ரயில், பேருந்துக்குப் பயன்படுத்தும் அதே ஓப்பல் கார்டு போதும். ரயிலிலிருந்து இறங்கி 'எக்கோ பாயின்ட்' என்ற காட்சிமுனைக்குப் போக உள்ளூர்ப் பேருந்தும் உண்டு.

ஹன்டர் பயணத்தில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை இடம் என்பதல்ல, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் என்பதுதான். ஒயின் சுவைக்க நான்கு கூடங்கள் என்று விளம்பரத்தில் பார்த்தால் தாராளமாகத் தெரியும். கூடத்துக்கு ஐந்து வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வையுங்கள்: 600 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான்! மூன்றாவது கூடத்திலேயே நாக்கு மரத்துவிடும். இரண்டு கூடம், நடுவில் நிதானமான மதிய உணவு. இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதும் இல்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல.

அங்கே போய் செமியோன் என்ற வெள்ளை ஒயினைக் கேட்காமல் திரும்பாதீர்கள். கோடை வெயிலும் அறுவடைக்கால மழையும் பழத்தைக் கெடுக்கும் என்பதால் ஹன்டரில் சீக்கிரமே பறித்துவிடுவார்கள். அதனால் ஆல்கஹால் 10, 11 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். இளசாக இருக்கும்போது எலுமிச்சைப் புளிப்பு. பாட்டிலில் பத்து வருடம் கிடந்த பிறகு, மரப்பீப்பாயே படாமல், தேனும் வாட்டிய ரொட்டியும் கலந்த சுவை வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கக் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே விசாரியுங்கள். கேட்ட கேள்வி புரிந்து பதில் சொல்லும் நிறுவனத்துக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

உங்கள் மனைவிக்காக மூன்று கேள்விகள். குடிக்காதவருக்குக் கட்டணம் குறையுமா? சுவைப்புக் கட்டணம் பயணத் தொகையில் அடங்குமா, அங்கே தனியாகக் கொடுக்க வேண்டுமா? பாலாடைக்கட்டி, சாக்லெட், பூந்தோட்டம் என்று ஒரு நிறுத்தமாவது உண்டா? வீட்டில் யாராவது கண்டிப்பான சைவமென்றால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளையோ மீனிலிருந்து எடுத்த பொருளோ சேர்ப்பார்கள், சில பாலாடைக்கட்டிகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். தயங்காமல் கேளுங்கள்.

இனி மலை. ரயிலும் பேருந்தும் மாறுவது அம்மாவுக்குச் சிரமம் என்று பட்டால் வழிகாட்டிப் பயணமே நல்லது. ஆனால் ஐம்பது பேர் ஏறும் பெரிய பேருந்தைத் தவிர்த்து, இருபது பேருக்குள் உள்ள வேனைப் பாருங்கள். ஐம்பது பேர் இறங்கி ஏறும் நேரமே ஒவ்வொரு நிறுத்தத்தையும் தின்றுவிடும். காலையில் எத்தனை ஹோட்டல்களில் ஆளேற்றுவார்கள் என்றும் கேளுங்கள்.

'த்ரீ சிஸ்டர்ஸ்' பாறைகளை எக்கோ பாயின்டில் அதிகம் நடக்காமலே பார்க்கலாம். கட்டூம்பாவிலேயே உள்ள 'சீனிக் வேர்ல்ட்' என்ற சுற்றுலா இடத்துக்குப் போனால், 52 டிகிரி சரிவில் இறங்கும் ரயில் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அம்மாவை மட்டும் கம்பியில் தொங்கிச் செல்லும் கேபிள்வேயில் கூட்டிப்போங்கள், அதில் சக்கர நாற்காலியே போகும். அந்த ரயில் பாதை நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போட்டது. மேலே கடினமான மணற்பாறை, அடியில் மென்பாறையும் நிலக்கரியும். அடிப்பகுதி அரித்துப்போக, மேற்பாறை பிளந்து விழுந்து விழுந்துதான் அந்தச் செங்குத்துச் சுவர்கள் உருவாயின. இதை அங்கேயே நின்று காட்டத் தெரிந்த வழிகாட்டி அமைந்தால் கொடுத்த காசு வீண் இல்லை.

கட்டூம்பா ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். சிட்னியில் வெயில் அடிக்கும்போதே அங்கே மூடுபனி இறங்கி எதிரே உள்ள பாறைகூடத் தெரியாமல் போகும். அதனால் முதல் நாள் வரை தேதி மாற்ற அனுமதிக்கும் பயணமாகப் பதிவு செய்யுங்கள். வாரத்தின் தொடக்கத்தில் மலையை வைத்துக்கொண்டால், பனி மறைத்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.