பைக்கையும் போனையும் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள்: பதில்

வண்டிச் சோதனையில் தம்பியின் போனையும் அம்மா பெயரில் உள்ள பைக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டும் தராமல், வெள்ளைத்தாளில் கையெழுத்தும் ஐயாயிரமும் கேட்கிறார் எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், அந்தத் தாளில் கையெழுத்து போடவே வேண்டாம். அப்புறம் அதில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

சந்தேகத்தின் பேரில் பொருளைக் கைப்பற்றினால் போலீஸ் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-ஆம் பிரிவு. தெரிவித்திருந்தால், ஆர்.சி.யையும் போன் பில்லையும் வைத்து அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் அந்த மாஜிஸ்திரேட்டிடம் திரும்பக் கேட்டு மனு போடலாம். தெரிவிக்கவில்லையா? அதுவே உங்கள் புகாரின் முதல் வரி.

புகாரைக் கடலூர் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், வண்டி எண், போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போதும். புலம்பலைப் பக்கம் பக்கமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் கேளுங்கள். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, பவுடர் தடவிய நோட்டோடு அவர்களே உங்களை அனுப்புவார்கள். ஏற்கெனவே கட்டாயத்தில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொடுத்தவர் மீதும் வழக்கு வரலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.